பின்மூலை மேசை

திங்கட்கிழமை காலை மெற்றில்டா கொட்டாஞ்சேனைக் கந்தோருக்குள் நுழைந்தபோது, அவளுடைய மேசை பின்மூலையில், பழைய அலுமாரி நின்ற இடத்தில் கிடந்தது.

"ஆர் மாத்தினது?"

"மனேஜர்தான்," என்றாள் பக்கத்து மேசை கௌரி, முகம் பார்க்காமல்.

மெற்றில்டாவுக்கு விளங்கிவிட்டது. பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்குச் சாப்பாடு கொடுக்க மத்தியானம் வீட்டுக்கு ஓடுவாள். ஒழுங்கையில் ஆமி செக்பொயின்ற் போட்டதிலிருந்து, பின்தெருவில் இருக்கும் வீட்டுக்கே சுற்றிப் போய்த் திரும்பப் பிந்திவிடுகிறது.

மனேஜர் சவரிமுத்து வந்து நின்றார்.

"பிந்தி வாறதுக்குத் தண்டனையோ, சேர்?" அவள் கைப்பையை மேசையில் போட்டாள்.

"முதல்ல யன்னலைத் திறவுங்கோ."

இத்தனை வருடமாக அலுமாரி மறைத்திருந்த யன்னல். கோபத்தோடு தள்ளித் திறந்தாள். மதிலுக்கு அப்பால் அவளுடைய வீட்டு மாடி. யன்னலோரக் கட்டிலில் அவள் கணவர் அலோசியஸ்.

"நேற்று நீங்கள் பூசைக்குப் போன நேரம் அவரைப் பாக்கப் போனனான். நல்ல கையால இந்த யன்னலைத்தான் காட்டினார்," என்றார் சவரிமுத்து. "மத்தியானம் ஆறுதலாப் போய் வாங்கோ. மற்ற நேரம் இங்கயிருந்தே பாருங்கோ."

அவள் கையை உயர்த்துமுன்பே, எதிரே அலோசியஸின் கை உயர்ந்தது.