வாங்க, வாங்!

"ஏனுங்க, அந்தச் சீனாக்காரரு பேரு என்னன்னு சொன்னீங்க?"

"வாங்."

"எங்கீங்க வாரது? கையெல்லாம் மாவா இருக்குது. பேரைச் சொல்லுங்கன்னா..."

"பேரே அதுதான் அம்மணி. வாங்!"

சமையலறை வாசலில் நின்றபடி திருமலைசாமி தலையில் அடித்துக்கொண்டார். பெருந்துறையில் இருக்கும் அவருடைய ஆலைக்குப் புதிதாக எட்டுத் தறிகள் வந்திருந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் கொடுக்கச் சீனாவிலிருந்து வந்தவர்தான் இன்ஜினியர் வாங். ஐந்து தறி ஓடுகிறது. மூன்று இன்னும் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. இந்த லட்சணத்தில், முந்தாநாள் வாங் தன் போனில் ஏதோ சீன மொழியில் சொல்ல, போன் அதைத் தமிழில் சொன்னது: "சாப்பாடு என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போகிறேன்."

"மூணு வேளையும் லாட்ஜுல இருந்து கேரியர் போகுதுங்களே?" என்றாள் மனைவி ராமாமணி.

"போகாம? அவருக்குன்னு தனியாச் சமைக்கச் சொல்லி வெச்சிருக்கேன். தொறந்து பாக்கறாரு, ஒரு பெருமூச்சு உடறாரு, மூடிப்போடறாரு. ஆளு பாதியா எளைச்சுட்டாரு."

தறியைப் பற்றி ராமாமணிக்கு அவ்வளவு கவலை இல்லை. நம்மை நம்பி வந்த மனிதர் பசியோடு திரும்பிப் போவதா? அந்த வெட்கக்கேட்டை அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து.

மகள் ஹாரிகா வீடியோவைப் பார்த்துச் சொன்னாள்: "ஜா ஜியாங் மியன். அவங்க ஊருப்பக்கம் வீட்டுக்கு வீடு செய்வாங்களாமா."

"மீனா? கறியல்ல வாங்கியாந்திருக்குது!"

"மீன் இல்லீங்மா, மியன். மியன்னா நூடுல்ஸ். கொத்துக்கறிய வதக்கி, சோயா பீன்ஸைப் புளிக்க வெச்சு அரைச்ச விழுதைப் போடோணும். கறுப்பா இருக்குமாமா."

"பெருந்துறைல அதுக்கு எங்க போறது? கறுப்பாத்தானே இருக்கோணும்? அக்கட்டால நகரு."

சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் கருகக் கருக வதங்கியது. மிளகு, சீரகம், மல்லி, வரமிளகாய் எல்லாம் வறுபட்டு அம்மியில் அரைபட்டன. ஆட்டுக் கொத்துக்கறி அதில் விழுந்து சுருண்டதும் தெரு முழுக்க மணந்தது. சட்டியில் இருந்ததும் நல்ல கறுப்பாகவே இருந்தது.

நூடுல்ஸ்தான் காலை வாரியது. வீடியோவில் அந்த அம்மாள் மாவைக் கையால் ஒரு இழு இழுத்தால் முழ நீளத்துக்கு வந்தது. ராமாமணி இழுத்தால் விரல் நீளத்துக்கு அறுந்து விழுந்தது. மணி பன்னிரண்டு. வாங் ஒரு மணிக்கு வந்துவிடுவார்.

அவள் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமைக்கு ஆட்டி வைத்திருந்த அரிசி மாவை எடுத்து வேகவைத்தாள். சூட்டோடு, இடியாப்பம் பிழிவதுபோல, சந்தகை அச்சில் போட்டுப் பிழிந்தாள். வெள்ளை வெளேரென்று இழை இழையாக இறங்கியது.

"அம்மா, இது நம்ம சந்தகைங்மா!"

"நூலாட்ட நீளமா இருக்குதல்ல கண்ணு? அப்ப நூடுல்ஸ்தான். வாய மூடிட்டு வெள்ளரிக்காயைச் சீவு."

கடைசியில் வீடியோவில் பார்த்தபடியே அமைந்தது அந்த வெள்ளரிக்காய் ஒன்றுதான்.

ஒரு மணிக்கு வாசலில் கார் நின்றது. ராமாமணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். "வாங்க, வாங்க!"

வாங்கின் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து ஏதோ பேசினார். போன் சொன்னது: "இந்த ஊர் மக்கள் மிகவும் நல்லவர்கள். எந்த வாசலுக்குப் போனாலும் என் பெயரை இரண்டு முறை சொல்கிறார்கள்."

ஹாரிகா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். திருத்த யாருக்கும் மனசு வரவில்லை.

இலை போட்டுப் பரிமாறினார்கள். திருமலைசாமி தன் இலையைத் தொடாமல் வாங்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங் முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். ராமாமணி தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

பிறகு அவர் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாம் முறை வாங்கினார். மூன்றாம் முறை இலையைத் தாமே நகர்த்தினார். மூக்கில் வியர்வை, கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களா? அம்மா ஞாபகம் வந்துருச்சாட்ட இருக்குது," என்று கிசுகிசுத்த ராமாமணிக்கும் கண் கலங்கியது. சந்தோஷம் தாங்காமல் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

வாங் போனை எடுத்தார். மூவரும் போனை நோக்கிக் குனிந்தார்கள்.

"சகோதரி, நான் ஊருக்குப் போகவில்லை. மூன்று தறிகளையும் ஓட்டிவிட்டுத்தான் போவேன். இந்த ஊர் உணவை இன்றுதான் முதல் முறையாகச் சாப்பிடுகிறேன். இதன் பெயர் என்ன?"

ஹாரிகா போனை வாங்கி, "இது உங்க ஊரு நூடுல்ஸ்ங்க!" என்றாள்.

வாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போன் நிதானமாகச் சொன்னது:

"இல்லை, இல்லை. நூடுல்ஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபது நாட்களாக, மூன்று வேளையும், லாட்ஜில் அதை மட்டும்தான் தருகிறார்கள். அந்தச் சாப்பாடு முடியாமல்தான் ஊருக்குப் போகிறேன் என்றேன்."

ராமாமணி கரண்டியோடு மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க... லாட்ஜுல தனியா என்னத்தச் சமைக்கச் சொல்லி வெச்சீங்க?"

இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடாத திருமலைசாமி, கை கழுவ எழுந்து போனார்.