காயாத பசை

விண்வெளிக்குப் போய்த் திரும்பிய கலம் கொட்டகையின் நடுவே கரியேறிய வயிற்றோடு நிற்கிறது. காலை வெயில் சாய்வாக விழுந்து, வெப்பம் தாங்கும் ஓடுகளின் மேல் ஊர்கிறது. தரம் சோதிக்கும் பொறியாளர் கைவிளக்கோடு குனிந்து ஒவ்வொரு ஓடாகப் பார்த்துவருகிறாள். அடுத்த முறை இதே கலத்தில் ஏறப்போகிறவன், பக்கத்தில் நிற்கும் அவள் தம்பி. "ஒரு கீறல்கூட இல்லாம வந்திருக்கும்மா. சரின்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது," என்று மேலாளர் மறுபடியும் சொல்கிறார். விளக்கு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே ஓர் ஓட்டின் கறுப்பு மட்டும் துணியால் பூசியதுபோல ஒரே பக்கமாக இழுத்திருக்கிறது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா," என்று தம்பி சிரிக்கிறான். அவள் அந்த ஓட்டின் விளிம்பில் விரலை அழுத்தி எடுக்கிறாள். ஓட்டை ஒட்டியிருந்த பசை நூலாக இழுபட்டு வருகிறது. "அவ்வளவு நெருப்புல வந்த பசை இன்னும் காயலையா சார்?" மேலாளர் கைபேசியை எடுத்துக் காதில் வைக்கிறார். அது அடிக்கவே இல்லை. தம்பியின் முகத்தில் சிரிப்பு வற்றிப்போகிறது. அக்காவின் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டு, அவனே அடுத்த ஓட்டை அழுத்திப் பார்க்கிறான்.