யாரும் கூப்பிடாத நாற்பது வரி

“இன்னும் நாலு மணி நேரம்தான் நைனா! அதுக்குள்ள பதில் போகலன்னா அடுத்த வெர்ஷன் வர ஆறு மாசம் காத்துகினு இருக்கணும்.”

சுப்ரஜா செல்போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். சிக்னல் இல்லை. ஆடிக் கிருத்திகை. திருத்தணி முழுக்கக் காவடியும் கூட்டமும். காலையிலிருந்தே ஊரில் நெட் செத்துக் கிடந்தது. மலைமேல் கிடைக்கும் என்று ஏறி வந்ததும் வீண்.

“அப்படி என்னத்த எழுதிட்ட?” என்றார் அப்பா சேஷகிரி.

“எழுதல. இருந்ததை எடுத்திருக்கேன். நாப்பது வரி.”

“எடுக்கறதுக்கா மூணு வாரம்?”

பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சிரித்துவிட்டார். புது மொட்டை, தலை நிறையச் சந்தனம்.

“என்னம்மா எடுத்த? சொல்லேன்.”

சுப்ரஜாவுக்குப் புதியவர்களிடம் பேச்சு வராது. ஆனால் மூன்று வாரமாக யாருமே அவளிடம் கேட்காத கேள்வி அது.

“ஒரு கம்ப்யூட்டர் மொழிங்க. அதுல எழுதற புரோகிராம் ஓடறதுக்கு அடியில ரன்டைம்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு அட்டாமிக் ஃபங்ஷன். ஒரு பாயிண்டரை, அதாவது ஒரு விஷயம் மெமரில எங்க இருக்குன்னு காட்டற முகவரியை, நடுவுல வேற யாரும் கை வைக்க முடியாத மாதிரி ஒரே வீச்சுல மாத்தும். இப்ப அதை யாருமே கூப்பிடறதில்ல. எடுத்துட்டேன்.”

“கெடந்துட்டுப் போகட்டுமே?”

“புதுசா ஒரு சிப்பு வந்தா அதுக்கும் இதைத் தனியா எழுதணுங்க. யாருக்கும் வேணாததை எழுதிகினே இருக்காங்க.”

“எடுக்க வேண்டியதுதானே? எவன் தடுக்கறான்?” என்றார் சேஷகிரி.

“ஜே.எச்.னு ஒருத்தர் நைனா, நெட்லதான் பழக்கம். பார்த்து ஓகே சொல்றது அவர்தான். கேள்வி மேல கேள்வி.”

“எந்த ஊர் வெள்ளைக்காரனோ! பொண்ணைத் தூங்க விடாம பண்றான். ஈவு இரக்கம் இல்லாதவன்.”

அம்மாள் நெற்றியில் வழிந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, கண்ணுக்குத் தெரியாம யாராவது அதைக் கூப்பிட்டுகினு இருந்தா?”

“அதுதாங்க சிக்கலே! நாம எழுதினதுல இருந்தா தேடிடலாம். நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர் தானா கூப்பிட்டா சிக்காது. அதனால எடுத்துட்டு, எல்லா சிப்புக்கும் புரோகிராமைப் புதுசா கட்டி ஓட்டிப் பார்த்தேன். பழைய முப்பத்திரண்டு பிட் சிப்பையும் விடல. ஒண்ணும் உடையல. கம்பைலரையும் முழுசா படிச்சேன், அதுல இந்தப் பேரே இல்ல. எல்லாம் டைப் பண்ணி வெச்சிருக்கேன். போனாத்தானே!”

அம்மாள் சட்டென்று எழுந்தார். “எழிலா! கீழ போய் வண்டிய எடு. வீட்டுக்குப் போகணும்.”

“புளியோதரை வாங்க நின்னுகினு இருக்கேம்மா!” என்று வரிசையிலிருந்து மகன் கத்தினான்.

“அதெல்லாம் அப்புறம். வாடா!”

சுப்ரஜாவின் முகம் சுருங்கியது. அளவுக்கு மீறிப் பேசிவிட்டோம் போல.

“அறுத்துட்டேனா? மன்னிச்சுக்கங்க.”

“அட, நீ ஒண்ணு! அப்பாவையும் கூட்டிகினு வண்டில ஏறு. அரக்கோணத்துல எங்க வீட்ல நெட் நல்லா வரும். நீ பதிலை அனுப்பு, ஒடனே ஓகே போட்டுடறேன்,” என்றார் அம்மாள். “ஜே.எச். நான்தாம்மா.”