மழையில் திறந்த வால்வு

புலாவ் செபாங் கையுறை ஆலையின் பின்வேலியோரம், விடாத மழையில், தம்புசாமி குடையோடு விறைத்து நிற்கிறார். வேலிக்கு அப்பால் அவர் மகள் நிஷாந்தினி, வெள்ளைத் தலைக்கவசத்தில் மழை தெறிக்க, இரு கைகளாலும் வால்வைத் திருகுகிறாள். பால் நிறக் கழிவு நுரைத்துக்கொண்டு ஓடையில் விழுகிறது. கழுவிய நீரையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையை ஆறு மாதம் படித்து வந்து ஆலைக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவள் சொல்லை நம்பித்தான் அவர் போன மாதம் மாரியம்மன் கோயிலில், இனி ஓடையில் ஒரு சொட்டுக் கழிவு வராதென்று ஊரார் முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். அவர் குடும்பத்துச் சொல்லுக்கு ஊரில் மறுபேச்சு இருந்ததில்லை. நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிடுகிறாள். "அப்பா... மழை நாள்ல மட்டும்தாம்பா. டேங்க் நிறைஞ்சிருச்சு, மெஷின நிப்பாட்ட பாஸ் விடமாட்டேங்கறாரு. மழைத்தண்ணியோட போயிரும்லா, யாருக்கும் தெரியாது." "எனக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நெனச்சியா?" அவள் கை வால்வை விட்டு விலகவில்லை, மூடவும் இல்லை.

சற்றுக் கீழே, அந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான் கரையில் கங்கோங் கீரை போட்ட முத்தாயி, தலையில் பிளாஸ்டிக் தாளோடு, பசார் சந்தையில் விற்கப் பறித்த கட்டுகளை ஓடையில் அலசிக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, தண்ணி வெள்ளையா வருதே! என்னாண்ணே இது?" தம்புசாமி குடையை மடக்குகிறார். மழை அவர் நெற்றித் திருநீற்றைக் கரைத்து இறக்குகிறது. "அலசாத தங்கச்சி, எல்லாத்தையும் கொட்டிரு. ஆலைத் தண்ணி அது," என்கிறார், வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி. "தொறந்து விட்டது என் மவதான்."