பொன்னாயி கையில் ஒரு பேர்

“பச்சை... பச்சை குத்தலையோ பச்சேய்...”

கீழப்பழுவூர்த் தெருவில் என்றோ கேட்ட அந்தக் குரல், மகள் இஞ்சு டேப்போடு வந்து கையைப் பிடித்தபோது பொன்னாயியின் காதில் மறுபடி விழுந்தது.

“அசையாதம்மா. கீழ இன்னொரு பேரு எழுத எடம் தாராளமா இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் வேணாம், வுடுடி.”

“அதெப்படி? அண்ணன் பேரு மட்டும் இருபத்தெட்டு வருஷமா ஒன் கையில ஜம்முனு ஒக்காந்திருக்கு. அடுத்த மாசம் என்னையக் கட்டிக்குடுத்து அனுப்பப்போற. அதுக்குள்ள என் பேரும் வந்தாகணும்.”

தமிழ்மொழி விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது ஒரு முள். அம்மாவின் இடது கையில் பச்சையாகச் ‘சாமிதுரை’ என்று இருக்கும். மகன் பிறந்த சந்தோஷத்தில் குத்திக்கொண்டதென்று தெருவில் சொல்வார்கள். மகள் பிறந்தபோது அந்தச் சந்தோஷம் வரவில்லை போலிருக்கிறது.

நாற்காலியில் சாய்ந்திருந்த சாமிதுரை சிரித்தான். “பாசமெல்லாம் தானா வரணும்டி. டாட்டூ கடைக்கு மெசேஜ் போட்டு வாங்கக்கூடாது.”

“நீ பேசாத, ரிட்டயர்டு வாத்தியார் பேரை வச்சுக்கிட்டு.”

அவன் முகம் சுருங்கியது. “அதுக்கு அப்பாவைக் கேளு. பேங்க்ல பேரைச் சொன்னா, ‘பென்சன் வாங்க வந்தவரு எங்க தம்பி?’ன்னு கேக்குறாங்க.”

அந்தப் பேரில் அப்பா அமிர்தலிங்கம் காட்டிய பிடிவாதம் சொந்தபந்தமெல்லாம் அறிந்தது. தலைப்பேரனுக்குத் தன் புருஷன் பேரைத்தான் வைக்க வேண்டுமென்று அவருடைய அம்மா அழுது பார்த்தாள். மனிதர் மசியவில்லை. அன்றோடு அந்தம்மா மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பெரம்பலூர் டாட்டூ கடைக்கு அனுப்ப எழுதியதைத் தமிழ்மொழி வாய்விட்டுப் படித்தாள்.

“‘வணக்கம் சார். எங்க அம்மா கையில் பழைய பச்சை இருக்கு. அதே கோணல் எழுத்தில், அதே பச்சை நிறத்தில், அதுக்குக் கீழே என் பேரும் வேணும். கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம்.’ சரியா இருக்கா?”

“எழுத்து தெளிவாத் தெரியிற மாதிரி போட்டோ கேட்டிருக்காங்களே. இது எறும்பு ஊர்ந்த மாதிரில்ல மங்கிக் கெடக்கு?” என்றான் அண்ணன்.

“குத்துன புதுசுல எடுத்த போட்டோ இருக்கும்ல.”

பீரோவிலிருந்து ஆல்பம் வந்தது. அண்ணனுக்கு மொட்டை போட்ட படத்தில் அம்மாவின் கை குழந்தைக்கு அடியில் இருந்தது. பின்பக்கமாகப் புரட்டினாள். கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக அம்மா கும்பிட்டு நின்றாள். கையில் பச்சையாக ஏதோ.

தமிழ்மொழி அதைச் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கினாள்.

“அண்ணே, இதுல ஒன் பேரு இருக்கு.”

“எதுல?”

“அம்மா அப்பா கல்யாணத்துல.”

பொன்னாயி இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. குவாரியில் டிப்பர் ஓட்டிவிட்டு, புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அமிர்தலிங்கம் உள்ளே வந்தார். மகள் மறைப்பதற்குள் போனை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“நான்தான் எவ்ளோ ஒல்லி பாரு,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பொன்னாயியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

“அது உங்கம்மாவோட மாமன் மவன் பேரு. அவனுக்குத்தான் இவளைன்னு பேசிவச்சு, ஒம்பது வயசுலயே குத்திவுட்டுட்டாங்க. அவன் வளந்து வேற பொண்ணைக் கட்டிக்கிட்டான்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?”

“பொண்ணு பாக்கப் போனன்னிக்கே காபித் தட்டை வச்சுட்டு, கையை நீட்டி, ‘இதைப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க’ன்னா. தைரியக்காரிதான்னு கட்டிக்கிட்டேன். நம்ம தெரு குழாயடிதான் வுடலை. ‘யாருடி அந்தச் சாமிதுரை?’ன்னு ஒருத்தி சிரிப்பா. கூட நாலு பேரு சிரிப்பாளுங்க. ஒருநாள் உங்கம்மா கரண்டியைக் காயவச்சுக்கிட்டு நின்னா, கையில வச்சு இழுத்துடலாம்னு. நான்தான் புடுங்கிப் போட்டேன். அப்ப இவ முழுகாம இருந்தா.”

சாமிதுரை நாற்காலியை விட்டு எழுந்திருந்தான்.

“மூணு மாசத்துல நீ பொறந்தடா. மறுபடி குழாயடியில யாருடி சாமிதுரைன்னு கேட்டாளுங்க. உங்கம்மா ஒன்னையத் தூக்கிக் காட்டுனா.”

சாமிதுரை அம்மாவின் கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். தமிழ்மொழி போனைப் பார்த்தபடி நின்றாள்.

“இப்ப கடைக்கு என்னன்னும்மா எழுதுறது?”

“எழுதுனது இருக்கட்டும். ஒன் பேருக்குக் கீழ இன்னொரு பேருக்கும் எடம் இருக்கா, அளந்து பாரு.”

“யாரு பேரு?”

புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவள் பொன்னாயி. மோவாயை நீட்டிக் காட்டினாள்.

“எனக்கெதுக்கு இந்த வயசுல விளம்பரம்?” என்று சொல்லிவிட்டு அமிர்தலிங்கம் முகம் கழுவப் போனார். காதுவரை சிரிப்பு.

மகள் துண்டோடு பின்னாலேயே போனாள்.

“அப்பத்தாட்டயாச்சும் காரணத்தைச் சொல்லியிருக்கலாம்லப்பா?”

“அதுக்கு எழுத்துத் தெரியாது. கையில இருக்கறது சாமி பேருன்னு சொல்லிவச்சிருந்தேன். உண்மையைச் சொன்னா உங்கம்மா இந்த வூட்ல இருந்திருக்க முடியுமா?”

பேரனுக்குப் பேர் வைத்தபிறகு அவருடைய அம்மா பதினோரு வருஷம் அதே வீட்டில் இருந்து, மகனோடு ஒரு வார்த்தை பேசாமலே இறந்துபோனாள்.