கும்மியின் முதல் தட்டு

"ஒன்பதாவதுல நின்னுபோனவ பேரைப் போட்டா எந்த அரசாங்கம் நிதி குடுக்கும்?" என்று ஒருநாள் ஊர்க் கலை மன்றத் தலைவர் துரைப்பாண்டி அன்னக்கொடியைக் கேட்டார். அவள் கட்டிய பாட்டுக்கும் அவள் பழக்கிய கும்மிக்கும் தன்னையே ஆசிரியராகக் காட்டி, மேளம் வாங்க நிதி கேட்டு விண்ணப்பம் போட்டார். இன்று கலைத்துறை அதிகாரி நேரில் பார்க்க வந்திருந்தார். "ஆசிரியரே தொடங்குங்க," என்றார் அந்த அம்மாள். துரைப்பாண்டி பெண்களின் வட்டத்துக்கு நடுவில் நின்று முதலடியைப் பாடினார். அன்னக்கொடி தட்டாமல் மற்றப் பெண்கள் தட்டுவதில்லை. அவள் கைகளைத் தூக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் எலுமிச்சை அளவு இடைவெளி விட்டு நிறுத்தினாள். எல்லாக் கைகளும் அப்படியே நின்றன. "அக்கா, நிதி போயிரும்," என்றாள் பக்கத்தில் நின்ற செவந்தி. "போகட்டும்டி. மேளம் இல்லாமத்தானே இவ்வளவு நாளும் ஆடுனோம்." "அன்னம், தட்டும்மா," என்றார் துரைப்பாண்டி. அவர் வாயிலிருந்து ஒரு 'அம்மா' வந்தது அதுதான் முதல் தடவை. "நீங்க தட்டுங்க ஆசிரியரே, நாங்க பின்னால வர்றோம்," என்றாள் அவள். அவர் தட்டினார். தாளம் தப்பியது. யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். வட்டம் வழிவிடவில்லை. தூக்கிய கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, துரைப்பாண்டி வெளியே போனார்.