அப்பா வாசிக்க வேண்டிய பக்கம்

எங்கள் குழுவில் நான்கு பேர். ஆளுக்கொரு வகைப் பென்குயின் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதைப் பெற்றோர்தான் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதிலிருந்து, இரண்டு மாதமாக எனக்கு ஒரே பயம். லாரி ஓட்டும் என் அப்பாவுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. வகுப்பில் அது யாருக்கும் தெரியாது.

அந்த நாளும் வந்தது. மூன்று அம்மாக்கள் வாசித்து முடித்தார்கள்.

"அடுத்து, பேரரசப் பென்குயின்!"

அப்பா எழுந்தார். கையிலிருந்த தாளைப் பிரித்தார். நான் துள்ளி எழுந்தேன்.

"டீச்சர், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. நானே படிக்கிறேன்!"

ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கி ஒரே மூச்சில் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பள்ளி வாசலைத் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"எல்லார் முன்னாடியும் மாட்டிக்குவீங்களோன்னு பயந்துட்டேன்பா."

அப்பா தாளை வாங்கினார். விரலை வைத்து, மெதுவாக, ஆனால் தப்பில்லாமல் வாசித்தார்.

"முட்டையைக்... காலில் வைத்துக்... காப்பது... அப்பாப் பென்குயின்."

"எப்போப்பா படிக்கக் கத்துக்கிட்டீங்க?"

"டீச்சர் சொன்ன மறுநாளே ஒரு வாத்தியார்கிட்டப் படிக்கச் சேந்துட்டேம்மா" என்றார் அப்பா.